வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: கோத்தகிரியில் ஒரு லேப்டாப்பைச் சரிசெய்த பதிவு

கோத்தகிரிப் பக்கம் நெட் நின்றுவிட்டால் எல்லோரும் முதலில் சொல்வது ‘லைன் போச்சு’ என்பதுதான். அப்படிச் சொல்வதில் தப்பும் இல்லை. ஃபைபர் கேபிள் கரண்ட் கம்பங்களில் தொங்கிக்கொண்டுதான் வீடு வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். 2009 நவம்பர் மழையில் மலை முழுக்க மண் சரிந்து பாதைகள் அடைபட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் இதே நீலகிரியில் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. இப்படிப்பட்ட மலையில் வாழ்கிறவர்களுக்கு எதற்கெடுத்தாலும் லைன் மேலும் இடி மேலும் சந்தேகம் வருவது இயல்பு.

ஆனால் அந்தச் சந்தேகத்தோடு நின்றுவிட்டால், எந்தக் கோளாறும் இல்லாத லேப்டாப் ஒன்று ‘இடியில் கார்டு போயிருச்சு’ என்று மூலைக்குப் போய்விடுகிறது, அல்லது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து ஃபார்மட் ஆகிவிடுகிறது. இந்தப் பதிவு அப்படித் தப்பித்த ஒரு லேப்டாப்பைப் பற்றியது. லைன், ரவுட்டர், வைஃபை கார்டு மூன்றும் சரியாக இருந்தன. கோளாறு விண்டோஸுக்குள், நீக்கப்பட்டுவிட்ட ஒரு மென்பொருள் விட்டுப்போன மிச்சத்தில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்கும் வழி தமிழில் எழுதி வைக்கப்பட்டு நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரவேனு பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. எங்களுக்கு வெகுநாள் பழக்கமான அக்கா போன் செய்தார். “தம்பி, பாப்பாவுக்கு வியாழக்கிழமை ஆன்லைன்ல இன்டர்வியூ. லேப்டாப்புல நெட்டே வரமாட்டேங்குது. கடையில காட்டினோம், ஃபார்மட் பண்ணாத்தான் ஆகும்னு சொல்றாங்க. அவ படிச்சது, புராஜெக்ட் எல்லாம் அதுலதான் கெடக்கு. நீங்க ஒரு தடவ வந்து பாருங்களேன்.”

போனதும் லேப்டாப்பைத் திறக்கவில்லை. முதலில் அக்கா மகளிடம் கேட்டேன்: எப்போதிலிருந்து இப்படி, அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது? சாஃப்ட்வேர் கோளாறுகளில் பாதி விடை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கும்.

“கோயம்புத்தூர் கம்பெனிக்கு வீட்டுலேர்ந்தே வேலை பாத்துட்டு இருந்தேன் மாமா. ஒரு நாள் ராத்திரி நல்ல மழை, கரண்ட் போச்சு. பேட்டரி சுத்தமா நிக்காது, அதனால வேலை ஓடிட்டு இருக்கும்போதே லேப்டாப் ஆஃப் ஆயிடுச்சு. மறுநாள் காலையிலேர்ந்து நெட் வரல. அந்த வாரத்தோட கான்ட்ராக்ட்டும் முடிஞ்சுது, மிச்சத்தைப் போன்லயே ஓட்டினேன். வீட்டுலேர்ந்தே கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள போறதுக்குப் போட்டிருந்த விபிஎன் சாஃப்ட்வேரை எடுத்துடச் சொன்னாங்க, எடுத்துட்டேன். இடி விழுந்துதான் வைஃபை போயிருச்சுன்னு அப்பா சொல்றாரு.”

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் வீடியோ பார்த்து ஏதேதோ கட்டளைகள் அடித்திருக்கிறான், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) முகவரியையும் மாற்றியிருக்கிறான். யூஎஸ்பியில் சொருகும் ஒரு வைஃபை டாங்கிளும் வாங்கிப் பார்த்தாயிற்று, அதிலும் வரவில்லை. இந்த டாங்கிள் விஷயத்தை அவள் போகிற போக்கில் சொன்னாள். எனக்கு அதுதான் முதல் துப்பாகப் பட்டது. இடியில் உள் கார்டு போயிருந்தால் புது டாங்கிளில் நெட் வந்திருக்க வேண்டும். இரண்டு வேறு கார்டுகளில் ஒரே நோய் என்றால் நோய் கார்டில் இல்லை.

சரி, இருந்தாலும் அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவோம் என்று ஆரம்பித்தேன்.

லைன் சோதனை சீக்கிரம் முடிந்தது. ஃபைபர் பெட்டியில் பான் விளக்கு பச்சையாக நிலையாக எரிந்தது, லாஸ் விளக்கு அணைந்திருந்தது. லாஸ் சிவப்பாக எரிந்தால் கேபிளில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள், அப்போது லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். அடுத்து, போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் ஒரு தளத்தைத் திறந்தேன், திறந்தது. டேட்டாவை அணைப்பது முக்கியம். அணைக்காவிட்டால் வைஃபையில் நெட் இல்லாதபோதும் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நாம் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். பிறகு லேப்டாப்பை என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். அதிலும் அதே ‘இணையம் இல்லை’. வீட்டு லைனுக்கும் ரவுட்டருக்கும் இதில் சம்பந்தமில்லை என்பது உறுதியாயிற்று.

இனி வன்பொருளா மென்பொருளா என்ற கேள்வி. இதற்கு ஒரே ஒரு சோதனையை நான் முழுதாக நம்புகிறேன்: வேறொரு இயங்குதளத்தில் அதே இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பது. என் பையில் லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று எப்போதும் இருக்கும். அதைச் சொருகி, லேப்டாப்பை ஆன் செய்யும்போதே எஃப்12 விசையைத் தட்டி, பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். (சில லேப்டாப்களில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப்.) எதையும் நிறுவாமல், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே மின்ட் திரை வந்தது. வைஃபை பட்டியலில் வீட்டு நெட்வொர்க் தெரிந்தது. கடவுச்சொல் கொடுத்ததும் ஃபயர்ஃபாக்ஸில் பக்கங்கள் மளமளவென்று திறந்தன. அக்காவின் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “அப்போ கார்டு நல்லாத்தான் இருக்குதா?” என்றார். நல்லாத்தான் இருக்கிறது. அதே கார்டு, அதே ஆண்டெனா, அதே ரவுட்டர். மாறியது விண்டோஸ் மட்டும்தான்.

இதைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். பூட் மெனுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போய் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை மாற்றாதீர்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கும் லேப்டாப்பில் அதை மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று, சில வைஃபை கார்டுகளுக்கு மின்ட்டில் டிரைவர் இருக்காது. அதனால் மின்ட்டில் வேலை செய்தால் கார்டு நலம் என்று துணிந்து சொல்லலாம், வேலை செய்யாவிட்டால் கார்டு கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

திரும்ப விண்டோஸுக்கு வந்தேன். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’. ஐபி முகவரி 192.168.1 என்று தொடங்கியது, கேட்வே, அதாவது ரவுட்டரின் முகவரி, 192.168.1.1. ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது, லேப்டாப் வாங்கியிருக்கிறது. இந்த இடத்தில் 169.254 என்று தொடங்கும் எண் வந்திருந்தால் கதை வேறு: ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம், அப்போது டிஹெச்சிபி, அதாவது முகவரி கொடுக்கும் ஏற்பாட்டின் பக்கம் தேட வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. கேட்வேக்கு பிங் (எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தேன், உடனே பதில். கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8க்கு பிங் அடித்தேன், அதற்கும் பதில். அதாவது லேப்டாப்பிலிருந்து கிளம்பும் பொட்டலம் அரவேனு தாண்டி, மலை இறங்கி, கூகுளின் இயந்திரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. திரையின் மூலையில் விண்டோஸ் மட்டும் ‘இணையம் இல்லை’ என்கிறது.

குரோமைத் திறந்தால் பிராக்ஸி சர்வரை (உலாவிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடையாள்) அடைய முடியவில்லை என்ற செய்தி. செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் பிராக்ஸி பக்கத்துக்குப் போனேன். கையால் அமைக்கும் பிராக்ஸி ஆன் ஆகியிருந்தது, முகவரி 127.0.0.1. அது லேப்டாப்பே தன்னைக் குறிக்கும் முகவரி. அந்த விபிஎன் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தபோது உலாவியின் போக்குவரத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ள இதைப் போட்டிருக்கும். இப்போது அந்த முகவரியில் யாரும் இல்லை. பிராக்ஸியை அணைத்தேன். குரோமில் மறுபடி முயன்றபோது பக்கம் வரவில்லை, ஆனால் செய்தி மாறியது. இப்போது பிராக்ஸி என்ற சொல்லே இல்லை, தளத்தின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தது.

நெட் வராதபோது பலரும் பிழைச் செய்தியைப் படிப்பதே இல்லை, ‘வரல’ என்பதோடு விட்டுவிடுகிறார்கள். செய்தி மாறினால் ஒரு முடிச்சு அவிழ்ந்து அடுத்த முடிச்சுக்கு வந்திருக்கிறோம். அந்தக் கடையில் ஒருவேளை பிராக்ஸியை அணைத்துப் பார்த்து, பக்கம் வராததால் மறுபடி ஆன் செய்துகூட வைத்திருக்கலாம். சரியான வேலையைச் செய்துவிட்டுப் பலன் தெரியவில்லை என்று திருப்பிப் போட்டுவிடுவது இரட்டைக் கோளாறுகளில் சகஜம்.

இனிமேல்தான் இந்த லேப்டாப்பின் உண்மையான புதிர். எண்ணை அடித்தால் பதில் வருகிறது, பெயரை அடித்தால் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில். இதுவரை யாரும் சொல்வதுதான். அதனால்தான் பக்கத்து வீட்டுத் தம்பி டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்று மாற்றியிருக்கிறான். சரியான யோசனை, அப்படியும் சரியாகவில்லை. நான் டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் கட்டளையான ‘என்எஸ்லுக்அப்’ என்று அடித்து, பின்னால் கூகுள் டாட் காம் கொடுத்தேன். சர்வர் 8.8.8.8 என்று காட்டி, கூகுளின் முகவரிகளைக் கண் இமைக்கும் நேரத்தில் கொடுத்துவிட்டது. அதே கையோடு, அதே சன்னலில், ‘பிங் கூகுள் டாட் காம்’ அடித்தேன். கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. பல நொடிகள் கழித்து, அப்படி ஒரு ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது.

ஒரே லேப்டாப், ஒரே பெயர். ஒரு கட்டளைக்கு விடை கிடைக்கிறது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சலித்துப்போய் ஃபார்மட்டுக்குப் போகிறார்கள். நான் அந்தச் சில நொடிக் காத்திருப்பையே பிடித்துக்கொண்டேன். என் லேப்டாப்பை அதே வைஃபையில் இணைத்து, உலகத்தில் இல்லாத ஒரு தளத்தின் பெயரை பிங் அடித்து அக்கா மகளுக்குக் காட்டினேன். அடித்த மாத்திரத்தில் இல்லை என்று வந்தது. பெயர் இல்லையென்றால் டிஎன்எஸ் சர்வர் உடனே ‘இல்லை’ என்று சொல்லிவிடும். அவள் லேப்டாப்பில் நடப்பது அதுவல்ல. அது யாரிடமோ கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது, அந்த யாரோ பதிலே சொல்வதில்லை. அப்படியானால் அது 8.8.8.8இடம் கேட்கவில்லை. வேறு யாரிடம் கேட்கிறது?

முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்த்தேன். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் கிடைக்கும் சின்ன எழுத்துக் கோப்பு. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன், வலையில் இருந்த எல்லா இயந்திரங்களின் பெயரும் எண்ணும் இப்படி ஒரே கோப்பில்தான் இருந்தன, எல்லோரும் அதைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது, டிஎன்எஸ்ஸிடம் போகும் முன் விண்டோஸ் இதைப் பார்க்கும். எனக்கு இந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் ஒரு மரியாதை வரும். இங்கே அதில் ஒன்றுமில்லை, விண்டோஸ் கண்டுகொள்ளாத கருத்து வரிகள் மட்டும்தான். ஹோஸ்ட்ஸ் கோப்பில் தவறான வரி இருந்தாலும் அது உடனே தவறான எண்ணைத் தருமே தவிர இப்படிக் காக்க வைக்காது.

மிச்சம் இருந்தது என்ஆர்பிடி. பெயர்த் தீர்வுக் கொள்கை அட்டவணை என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 7 காலத்தில் அலுவலக வலைகளுக்காக வந்தது. ‘இந்த மாதிரிப் பெயர்கள் வந்தால் வழக்கமான டிஎன்எஸ்ஸிடம் போகாதே, இன்னாரிடம் கேள்’ என்ற விதிகளை அதில் எழுதி வைக்கலாம். விபிஎன் மென்பொருள்கள் பலவும் இதைப் பயன்படுத்துகின்றன. இணைந்திருக்கும்போது கம்பெனிக்குள் இருக்கும் இயந்திரங்களின் பெயர்கள் கம்பெனியின் டிஎன்எஸ்ஸுக்குத்தான் தெரியும் என்பதால் அதில் ஒரு விதியைச் சேர்க்கும், இணைப்பைத் துண்டிக்கும்போது அந்த விதியை எடுத்துவிடும். எடுக்க அவகாசம் கிடைத்தால்.

இந்த அட்டவணைக்குக் கட்டுப்படுவது விண்டோஸின் டிஎன்எஸ் கிளையன்ட் சேவை. பிங், குரோம், விண்டோஸ் அப்டேட் எல்லாம் அதன் வழியாகத்தான் பெயரைக் கேட்கின்றன. என்எஸ்லுக்அப் மட்டும் அந்தச் சேவையைக் கேட்பதில்லை. டிஎன்எஸ் சர்வரிடம் தானே நேராகப் போய்க் கேட்கும், என்ஆர்பிடியைப் பார்க்கவே பார்க்காது. என்எஸ்லுக்அப்பில் வந்த பெயர் பிங்கில் வராமல் போனதற்குக் காரணம் இதுதான். வைஃபை, டாங்கிள், ஹாட்ஸ்பாட் என்று எதை மாற்றியும் பலன் இல்லாததற்கும், டிஎன்எஸ் முகவரியை மாற்றியும் தீராததற்கும் காரணம் இதுவே. அட்டவணை எந்தக் கார்டோடும் ஒட்டியதல்ல, மொத்த விண்டோஸுக்கும் பொது. எஸ்டேட்டுக்கு வரும் எல்லாத் தபாலும் முதலில் ஆபீசுக்கு வரட்டும் என்று தபால்காரரிடம் சொல்லி வைத்துவிட்டு ஆபீஸையே மூடிவிட்டுப் போனால் என்ன ஆகுமோ, அதுதான் இந்த லேப்டாப்புக்கு ஆகியிருந்தது.

பவர்ஷெல் என்ற இன்னொரு கட்டளைச் சன்னலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்தில் ‘கெட்’ என்று அடித்து, ஒரு சிறு கோடு போட்டு, இடைவெளி விடாமல் ‘டிஎன்எஸ்கிளையன்ட்என்ஆர்பிடிரூல்’ என்று அடித்தேன். நல்ல வீட்டு லேப்டாப்பில் இந்தக் கட்டளைக்கு எதுவும் வராது, அடுத்த வரிக்குப் போய்விடும். இங்கே ஒரு விதி வந்து நின்றது. நேம்ஸ்பேஸ் என்ற இடத்தில் வெறும் ஒரு புள்ளி. நேம்சர்வர்ஸ் என்ற இடத்தில் 10 என்று தொடங்கும் ஒரு முகவரி.

அந்த ஒற்றைப் புள்ளிக்கு ‘எல்லாப் பெயர்களும்’ என்று பொருள். 10 என்று தொடங்கும் முகவரிகள் 192.168 போலவே தனி வலைகளுக்குள் மட்டும் செல்லுபடியாகும், பொது இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. ஆகக் கூகுள், யூடியூப், வங்கி, மைக்ரோசாஃப்ட் என்று எந்தப் பெயர் வந்தாலும் விண்டோஸ் அந்தக் கம்பெனியின் உள் டிஎன்எஸ்ஸைத் தேடிப் போகிறது, விபிஎன் இல்லாததால் அங்கே போய்ச் சேர முடியவில்லை, காத்திருந்து கைவிடுகிறது. மூலையில் தெரிந்த ‘இணையம் இல்லை’யும் இதன் விளைவுதான். நெட் இருக்கிறதா என்று அறிய விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் ஒரு சோதனைத் தளத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதிலிருந்து ஒரு சின்ன எழுத்துக் கோப்பை எடுத்துப் பார்க்கும். பெயரே எண்ணாக மாறாதபோது அந்தச் சோதனை எப்படித் தேறும்?

மழை ராத்திரியில் நடந்ததையும் இதோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. விபிஎன் இணைந்திருக்கும்போதே கரண்ட் போய், பேட்டரி நிற்காமல், லேப்டாப் பட்டென்று அணைந்திருக்கிறது. விதியையும் பிராக்ஸியையும் எடுக்க மென்பொருளுக்கு நேரமில்லை. மறுநாள் அது மீண்டும் இணைய வேண்டுமென்றால் கம்பெனி சர்வரின் பெயரை எண்ணாக மாற்ற வேண்டும், அதற்கும் இதே விதி குறுக்கே நின்றிருக்கும். கடைசியில் மென்பொருளை நீக்கியபோது நிரல் போனது, அது எழுதி வைத்தவை போகவில்லை. அப்பா இடியைச் சந்தேகப்பட்டதில் ஒரு பாதி உண்மை. மழைதான் காரணம், ஆனால் வயர் வழியாக வரவில்லை.

நீக்கும் முன் அந்த விதியை முழுதாக ஒரு எழுத்துக் கோப்பில் சேமித்தேன். எதை அழித்தாலும் திருப்பிப் போடும் வழியை வைத்துக்கொள்வது என் வழக்கம். பிறகு ‘ரிமூவ்’, சிறு கோடு, ‘டிஎன்எஸ்கிளையன்ட்என்ஆர்பிடிரூல்’, அதன் பின் சிறு கோடு போட்டு ‘நேம்’, விதியின் பெயராக நெளி அடைப்புக்குள் இருந்த நீண்ட குறியீடு. உறுதியா என்று கேட்டது, ஒய் அடித்தேன். ‘ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்’ கொடுத்துப் பழைய நினைவையும் துடைத்தேன். பிங் கூகுள் டாட் காம் அடித்ததும் கர்சர் சிமிட்டக்கூட நேரமில்லாமல் நான்கு பதில்களும் வரிசையாக வந்தன.

அதோடு விடாமல் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். ஷட்டவுன் செய்து ஆன் செய்வது இதற்குப் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுனில் விண்டோஸின் உட்பகுதி முழுதாக அணையாது, உறைந்துபோய் அப்படியே திரும்ப எழும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். மேலே வந்ததும் மூலையிலிருந்த உலக உருண்டைச் சின்னம் போய் வைஃபை சின்னம் வந்திருந்தது. அக்கா மகள் உடனே தோழிக்கு வீடியோ கால் போட்டுப் பார்த்தாள், படமும் குரலும் தடங்கலில்லாமல் வந்தன.

உங்கள் லேப்டாப்பிலும் என்எஸ்லுக்அப் வந்து பிங் வராமல், அந்த ‘ரூல்’ கட்டளையும் வெறுமையாக வந்தால், கட்டளையின் கடைசியில் ‘ரூல்’ என்பதற்குப் பதில் ‘பாலிசி’ என்று போட்டுப் பாருங்கள். முன்னது இந்த லேப்டாப்பில் எழுதப்பட்ட விதிகளைக் காட்டும், பின்னது உண்மையில் நடப்பில் இருப்பதைக் காட்டும். குரூப் பாலிசி (அலுவலக ஐடி ஆட்கள் எல்லா இயந்திரங்களுக்கும் சேர்த்து அனுப்பும் அமைப்பு) வழியாக வந்த விதிகள் இரண்டாவதில்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுத் தம்பி வீடியோ பார்த்து அடித்த கட்டளைகளில் ஒன்றான வின்சாக் ரீசெட் ஏன் பலிக்கவில்லை என்று அவனே வந்து கேட்டான். ஆர்வமுள்ள பையன், அதனால் உட்கார வைத்துச் சொன்னேன். வின்சாக் ரீசெட், நிரல்களுக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவில் மற்ற மென்பொருள்கள் சொருகி வைத்த அடுக்குகளை எடுத்துவிட்டு அந்தப் பட்டியலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆன்டிவைரஸ் நீக்கிய பின் எந்த நிரலுக்கும் நெட் வராமல் போனால் பல சமயம் அதுதான் மருந்து. ஐபி ரீசெட் முகவரி அமைப்புகளை அழித்து எழுதும். செட்டிங்ஸில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட் கார்டுகளின் டிரைவர்களை எடுத்துத் திரும்பப் போடும், சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் அழித்துவிடும். மூன்றும் என்ஆர்பிடியைத் தொடுவதில்லை. ஃபார்மட் செய்திருந்தால் இதுவும் போயிருக்கும், கூடவே அவளுடைய புராஜெக்ட்டும் போயிருக்கும்.

பின்பு மிச்சம் மீதியைத் தேடினேன். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களையும் காட்டச் சொன்னால், நெட்வொர்க் அடாப்டர்கள் பட்டியலில் விபிஎன்னின் மெய்நிகர் அடாப்டர் மங்கலாகக் கிடந்தது, அதை நீக்கினேன். வைஃபை அடாப்டரின் பிராப்பர்டீஸில் அந்நிய ஃபில்டர் எதுவும் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ‘ரூட் பிரிண்ட்’ கட்டளையில் நிரந்தர வழிகள் என்ற பகுதியும் காலி.

இன்னொரு வேலையும் இருந்தது, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்: சரிசெய்கிறோம் என்று இதற்கு முன் மாற்றியவற்றைத் திருப்பி வைப்பது. டிஎன்எஸ்ஸை மறுபடி தானியங்கிக்கு மாற்றினேன். யாரோ சோதனைக்காக விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள், அதை ஆன் செய்தேன். நெட் வராத லேப்டாப்பில் ஃபயர்வால் இல்லாதது தெரியாது, நெட் வந்த பிறகு அது திறந்த கதவு. டாங்கிளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

பேட்டரி மாற்றியே ஆக வேண்டும். அதுவரை விபிஎன் எதுவும் ஓடும்போது கரண்ட் போய்விடாமல் இருக்க ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் லேப்டாப்பையும் ரவுட்டரையும் சேர்த்துச் சொருகச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை இன்டர்வியூவுக்கும் அதுதான் துணை. இனி விபிஎன் மென்பொருளை எடுப்பதாக இருந்தால் முதலில் இணைப்பைத் துண்டித்து, நிரலை விட்டு முறையாக வெளியேறி, அப்புறம் நீக்கி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பட்டென்று அணைந்துபோன லேப்டாப்பாக இருந்தால், நீக்குவதற்கு முன் அந்த விபிஎன்னை ஒருமுறை திறந்து மூட வேண்டும். பல மென்பொருள்கள் தொடங்கும்போது தங்கள் பழைய மிச்சத்தைத் தாங்களே துடைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் சொந்த லேப்டாப்புக்குத்தான். கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் என்ஆர்பிடி விதி தெரிந்தால் கை வைக்காதீர்கள். அங்கே அது மிச்சமாக இல்லாமல் வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம், நீக்கினால் அலுவலகத் தளங்கள் திறக்காமல் போகும், குரூப் பாலிசியில் வந்ததென்றால் நீக்கினாலும் திரும்ப வந்துவிடும். கட்டளை காட்டியதை அப்படியே படமெடுத்து அவர்களுடைய ஐடி ஆட்களுக்கு அனுப்புங்கள். என்எஸ்லுக்அப்பில் வருகிறது, பிங்கில் வரவில்லை என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதினால், எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.